எர்ரர் வந்தா மட்டும் மெயிலாம்!

லிங்கராஜபுரம் வீட்டுல டிவி ஸ்டாண்டுக்குக் கீழ ஒரு பழைய பொட்டி ஓடுதுங்க. உபுண்டு சர்வர். புள்ளைங்க போட்டோ, அப்பா கடைசியா பேசின வீடியோ எல்லாம் அதுலதான். திருநெல்வேலில இருந்து அம்மாவும் அதைத்தான் பாக்குறாங்க.

'அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் தானா அப்டேட் பண்ணிக்கும், மெயிலை ஒன்லி-ஆன்-எர்ரர்னு வெச்சா போதும்'னு ஆபீஸ் நண்பர் அடிச்சுச் சொன்னார். நம்பினேன். சுத்த அபத்தம்!

கெர்னல் அப்டேட் ஒழுங்கா இறங்கிடும், எர்ரரே வராது. ஆனா ரீபூட் பண்ற வரைக்கும் ஓடுறது ஓட்டை இருக்கற பழைய கெர்னல்தான். தானா ரீபூட் ஆகறது டிஃபால்ட்டா கிடையாது. ஆன்-சேஞ்ச்னு வெச்சிருந்தா 'ரீபூட் ரிக்வயர்ட்'னு சப்ஜெக்ட்லயே வந்திருக்கும். ஒருநாள் அப்டைம் பாத்தா 143 நாள்! (யூபிஎஸ் புண்ணியம்.)

சரி, எர்ரரே வருதுன்னு வைங்க. மெயில் போற வழி அடைஞ்சிருந்தா? 2022 மே கடைசில ஜிமெயில் சாதா பாஸ்வேர்டை ஏத்துக்கறதை நிறுத்துச்சு, ஆப் பாஸ்வேர்டு வேணும்னுச்சு. அன்னிக்கு எத்தனை வீட்டுப் பொட்டி ஊமையாச்சோ!

ஊர்ல இருந்து ஒரு வாரம் போன் வரலைன்னா 'எல்லாரும் சௌக்கியம்'னு நாம தூங்கிடறோமா என்ன?

நான் ஆல்வேஸ்னு மாத்திட்டேன். தினம் ஒரு குப்பை மெயில்தான், ஒத்துக்கறேன். ஃபில்டர் போட்டுத் தனி ஃபோல்டர்ல தள்ளியாச்சு. ஒருநாள் வரலைன்னாலும் பொட்டியைப் போய் தொட்டுப் பாப்பேன். மெயில்எக்ஸ் போட மறந்துடாதீங்க.