லிப் பாமுக்குச் சட்டை தைத்தாச்சு... கூலி எங்கே?

முத்துப்பேட்டையில் லிப் பாமா என்று சிரிப்பவர்கள் முதலில் சிரித்து முடித்துவிடலாம் :) அந்தப் பக்கம் அலையாத்திக் காடு, இந்தப் பக்கம் தென்னந்தோப்பு, நடுவில் உப்புக் காற்றும் வியர்வையும். உதடு வெடித்தால் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய், இல்லாவிட்டால் கொஞ்சம் வெண்ணெய். அதோடு வைத்தியம் முடிந்தது. ஆனாலும் துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊருக்கு வருகிற பெட்டிகளில் சாக்லேட்டுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவே இந்தக் குச்சியும் எப்போதோ நுழைந்துவிட்டது. இப்போது பக்கத்து மளிகைக் கடையிலேயே தொங்குகிறது.

கட்டைவிரல் பருமனுக்குக் கொஞ்சம் கூட, ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர் நீளம். கைப்பைக்குள் விழுந்தால் விழுந்ததுதான், தேடி எடுப்பதற்குள் பஸ் போய்விடும். அதற்காகத்தான் ஒரு குட்டித் துணிப்பை. மேலே ஒரு மூடி, அதற்கு ஒரு பிரஸ் பட்டன், ஓரத்தில் ஒரு சாவி வளையம். பைக்கு வெளியே தொங்கவிட்டுக் கொள்ளலாம். பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பைக்குப் பேத்தி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பொருளில் தகராறு ஒன்றும் இல்லை. தகராறு எல்லாம் அதற்கு விலை சொல்லும்போது வருகிற அந்த ஒரு வாக்கியத்தில்தான். "வெட்டுத்துணிதானே, சும்மா இருக்குற நேரத்துல தச்சது, பாத்துக் குடுங்க."

வாங்குகிறவர் மட்டும் இதைச் சொன்னால் பரவாயில்லை, பேரம் பேசுவது அவர் பிறப்புரிமை. தைத்தவரே சொல்கிறார். வீட்டில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். பயிற்சி கொடுக்க வருகிறவர்கள் சொல்கிறார்கள். "பத்தே நிமிடத்தில் பழைய துணியில் பணம் பண்ணலாம்" என்று வீடியோ போடுகிறவர்கள் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொல்கிறார்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டு பொய்.

முதல் பொய், அந்தப் பத்து நிமிடம்.

இந்தப் பையைத் தைக்க என்ன வேண்டும் என்று பார்ப்போம். ஆறு சென்டிமீட்டர் அகலம், இருபத்திரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு துண்டு, அதே அளவில் லைனிங் ஒன்று. வெட்டுத்துணி மூட்டையில் இந்த அளவுக்கு நேராக ஒரு துண்டு கிடைப்பதற்கே பாதி மூட்டையைக் கொட்ட வேண்டும். கிடைத்ததைத் தேய்த்து, இழை பார்த்து வெட்டி, காலருக்கு வைக்கிற ஒட்டு கேன்வாஸை இஸ்திரி போட்டு ஒட்ட வேண்டும். வளையம் மாட்ட ஒரு நாடா... மூன்று சென்டிமீட்டர் துணியை நாலாக மடித்து, மடிப்பு பிரியாமல் ஓரம் அடிக்க வேண்டும். விரலை ஊசிக்குப் பக்கத்தில் வைக்காமல் அது நடக்காது. பிறகு இரண்டு துண்டுகளையும் நல்ல பக்கம் உள்ளே பார்க்க வைத்து, நாடாவை நடுவில் செருகி, சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் விட்டுத் தையல். திருப்புவதற்கு ஓர் ஓரத்தில் வாய் விட வேண்டும். மூலைகளைக் கத்தரித்து, அந்தச் சின்ன வாய் வழியாகத் துணியை வெளியே இழுத்து, பென்சில் முனையால் மூலையைத் தள்ளி, மறுபடி இஸ்திரி. எட்டு சென்டிமீட்டர் மேலே மடித்து இரண்டு பக்கமும் தையல். இங்கேதான் வேடிக்கை. மடிப்பு விழுகிற இடத்தில் துணி, லைனிங், கேன்வாஸ் எல்லாம் இரட்டிப்பாகி நிற்கும். வீட்டு மெஷின் மூச்சுத் திணறும். அவசரப்பட்டால் ஊசி போச்சு.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆறு சென்டிமீட்டரில் தையலுக்கு இரண்டு போனால் நாலு. ஓரத் தையல் போக உள்ளே மிஞ்சுவது மூன்றரைகூட இல்லை. குழாய் இரண்டு சென்டிமீட்டர் விட்டம் என்றால் அதற்குக் குறைந்தது மூன்றேகால் வேண்டும். கால் சென்டிமீட்டர் பிசகினால் குச்சி உள்ளே போகாது. பிரித்து மறுபடி தைக்க வேண்டியதுதான். பத்து நிமிடமாம், பத்து நிமிடம்!

கை பழகியவருக்கே, வெட்டுவது, தேய்ப்பது, பட்டன் வைப்பது எல்லாம் சேர்த்து அரை மணி நேரத்துக்குக் குறையாது. பத்துப் பத்தாக ஒரே மூச்சில் வெட்டி ஒரே மூச்சில் அடித்தால் கொஞ்சம் குறையும். திருப்பூரில் துணியை அடுக்கடுக்காக விரித்து மெஷினால் வெட்டி, ஒருவர் ஒரு தையல் மட்டும் போட்டு அடுத்தவருக்குத் தள்ளுவார்கள். வீட்டில் வெட்டுவதும் அவரே, தள்ளுவதும் அவரே, நடுவில் எழுந்து போய் அடுப்பில் பால் பொங்கியதா என்று பார்ப்பதும் அவரே.

"இத்தனூண்டு பைக்கு இவ்வளவு பேச்சா?" என்பது அடுத்த கேள்வி. இதற்குப் பதில் எந்தத் தையல் கடையிலும் கிடைக்கும். உள்பாவாடைக்கு இரண்டு மீட்டருக்கு மேல் துணி போகும். ரவிக்கைக்கு ஒரு மீட்டருக்குள் முடிந்துவிடும். தையல் கூலி எதற்கு அதிகம்? தமிழ்நாட்டில் ஒரு பெண்ணும் "துணி கம்மியாத்தானே இருக்கு, கூலியைக் குறைங்க" என்று டைலரிடம் சொன்னதில்லை. கழுத்து, கை, டார்ட், கொக்கி என்று வேலை எங்கே இருக்கிறதோ அங்கேதான் கூலி என்று எல்லாருக்கும் தெரியும். அதே ஆட்கள் சாவி வளையப் பையைக் கையில் எடுத்ததும் தராசைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். என்ன கொடுமை இது!

சரி, கணக்குக்கு வருவோம். பி.காம் முதல் வருஷத்துப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், மூலப்பொருள், நேரடிக் கூலி, நேரடிச் செலவு மூன்றும் சேர்ந்ததுதான் முதன்மை அடக்கம் என்று. பாடப்புத்தகத்தில் கூலியை அடித்துவிட்டு விடை எழுதினால் முட்டை போடுவார்கள். இங்கே ஊரே அப்படித்தான் விடை எழுதுகிறது.

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். துணிக்குக் காசே இல்லை. வளையம், பட்டன், கேன்வாஸ், நூல் எல்லாம் சேர்த்துப் பத்து ரூபாய். பையை முப்பது ரூபாய்க்கு விற்கிறார். கையில் நிற்பது இருபது. ஒரு பைக்கு முப்பத்தைந்து நிமிடம் என்றால், எட்டு மணி நேரம் தலை நிமிராமல் தைத்தாலும் பதினாலு பை வராது. கிடைப்பது 275 ரூபாய்க்குள். 2025-26 நிதியாண்டில் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நூறு நாள் வேலைக் கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். கூலி வேலைகளிலேயே கடைசிப் படி என்று ஊர் நினைக்கிற வேலைக்குக் கிடைக்கிற கூலிகூட இதில் இல்லை. கரண்ட், உடைந்த ஊசி, மெஷின் தேய்மானம் எதுவும் இன்னும் கணக்கில் வரவில்லை. தினம் பதினாலு பை விற்குமா என்ற கேள்வியைக் கேட்கவே வேண்டாம்.

அதே பையைக் கடைக்காரர் டஜன் 240 என்று எடுத்தால்? ஒரு பைக்கு மிஞ்சுவது பத்து ரூபாய். நாள் பூராவும் தைத்தால் 140-ஐத் தொடாது.

இரண்டாவது பொய், அந்தச் "சும்மா இருக்குற நேரம்". வீட்டில் சும்மா இருக்கிற பெண் என்று ஒரு ஜீவன் உண்டா என்ன? மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2024-இல், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்குச் செலவிடுவது ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம். அந்த வேலை செய்கிற ஆண்களுக்கு 88 நிமிடம். அந்த 289-க்கு மேல் திருடி எடுத்த அரை மணியில்தான் லிப் பாம் பை தைக்கப்படுகிறது. தன் வீட்டு வேலைக்காரியை ஒருவன் கல்யாணம் செய்துகொண்டால் தேச வருமானம் குறைந்துவிடும் என்று பிகு என்ற பொருளாதார அறிஞர் சொன்னதாக வகுப்பில் சிரித்துக்கொண்டே நடத்துவார்கள். சிரித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டிவிடுவார்கள். வீட்டில் இருக்கும் பெண்களுக்கு 2023 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது, அதற்கு வைத்த பெயர் உதவித் தொகை இல்லை, உரிமைத் தொகை. தொகை போதுமா என்பது வேறு சண்டை. அரசாங்கமே வாய்திறந்து ஒப்புக்கொண்ட விஷயத்தை ஊர் ஒப்புக்கொள்ள மறுக்கிறது.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். பலருக்குக் கோபம் வரலாம்.

முத்துப்பேட்டை மாதிரி ஊரில் ஒரே தெருவில் இரண்டு மெஷின் ஓடும். ஒரு வீட்டில் கணவர் வெளிநாட்டில், மாதம் பணம் வருகிறது. தைப்பது ஆசைக்கு. இன்னொரு வீட்டில் மெஷின் ஓடினால்தான் அடுப்பு எரியும். கைம்பெண்களுக்கும் கணவர் கைவிட்டவர்களுக்கும் அரசு கொடுக்கிறதே, சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான இலவசத் தையல் இயந்திரத் திட்டம், அதில் வந்த மெஷினாகக்கூட இருக்கலாம். முதல் வீட்டு அக்கா நல்லவர், மனசு இளகியவர். "போகட்டும், இருபது ரூபா குடுங்க" என்கிறார். அந்த இருபது அவருக்குப் பெரிய விஷயமில்லை. ஆனால் அன்றைக்கே அந்தத் தெருவில் பையின் விலை இருபது ஆகிவிட்டது. இரண்டாவது வீட்டு அக்கா நாற்பது கேட்டால் "அங்க இருபதுக்குத் தர்றாங்களே" என்ற பதில் தயாராக இருக்கிறது. பெருந்தன்மைக்கான பில் அடுத்த வீட்டுக்குப் போகிறது.

டெல்டாவில் இதைப் புரியவைக்க ரொம்பக் கஷ்டப்பட வேண்டியதில்லை. நடவு நடக்கிற வயலில் பொழுதுபோக்காக ஒருவர் இறங்கி, "எனக்குப் பாதிக் கூலி போதும்" என்றால் நடவுப் பெண்கள் என்ன சொல்வார்கள்? சொல்ல மாட்டார்கள், சேற்றை அள்ளி மூஞ்சியில் அடிப்பார்கள் :) ஊர்க் கூலி என்று ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழே இறங்கக் கூடாது. இந்த மண்ணில் அந்தக் கூலி சும்மா வந்துவிடவில்லை. கூலிப் போராட்டத்தின் முடிவில் 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகுதான் 1969-இல் கிழக்குத் தஞ்சை விவசாயத் தொழிலாளர்களுக்கென்று நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அந்தத் துயரத்துக்குப் பக்கத்தில் லிப் பாம் பையைக் கொண்டுபோய் வைக்க யாருக்கும் தகுதியில்லை. ஆனால் உழைப்புக்கு அளவு உண்டு, அளந்து வாங்க வேண்டும் என்பதை இவ்வளவு விலை கொடுத்துக் கற்ற ஜில்லாவில், கூரைக்குக் கீழே உட்கார்ந்து செய்தால் மட்டும் அது உழைப்பே இல்லை என்று எப்படி ஆனது?

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்து இந்தப் பக்கத்துத் தென்னைகள் வரிசையாகச் சாய்ந்தன. புதுக் கன்று வைத்தால் காய்க்க வருஷக் கணக்கில் ஆகும். தோப்பு போன வீட்டில் மெஷின் ஓடினால் அதைப் பொழுதுபோக்கு என்று யாராவது சொல்வார்களா?

"விலையை ஏத்துனா யாரு வாங்குவா, சைனா பை பத்து ரூபாய்க்குக் கிடைக்குதே" என்பார்கள். கிடைக்கட்டும். பத்து ரூபாய்ப் பை வேண்டியவர் அதை வாங்கட்டும். அதோடு ஓடிப் பிடிக்கப் போனால் கால்தான் உடையும். விற்காவிட்டால் தைக்காமல் இருக்கலாம், அந்த நேரத்துக்கு நாலு ஃபால்ஸ் அடித்தால் நிச்சயக் காசு. அல்லது தோழிக்கு, நாத்தனாருக்குச் சும்மா கொடுக்கலாம். அன்பளிப்புக்கு யாரும் விலை பேசப் போவதில்லை, அதனால் யார் பிழைப்பும் கெடாது. கெடுப்பது இந்த இரண்டுங்கெட்டான் அரை விலைதான்.

டஜன் கணக்கில் ஆர்டர் கொடுக்கிற கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 1948-இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலேயே நாள் கூலி மாதிரி பீஸ் கூலிக்கும் குறைந்தபட்சம் நிர்ணயிக்க வழி இருந்தது. வேறொருவருக்காகத் தன் வீட்டிலிருந்தே கூலிக்குப் பொருள் செய்து கொடுப்பவரும் தொழிலாளிதான் என்று 2008-இன் அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் எழுதியே வைத்தது. துணியும் கொக்கியும் கடையிலிருந்து போய், பை மட்டும் வீட்டிலிருந்து வருகிறது என்றால் அங்கே நடப்பது "அக்காவுக்கு ஏதோ ஒரு உதவி" கிடையாது. வேலை வாங்குவது.

கூலி எவ்வளவு போடுவது என்று தெரியவில்லையா? அந்த அக்கா அதே தெருவில் சாதா ரவிக்கைக்கு என்ன கூலி வாங்குகிறார், ஒரு ரவிக்கைக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பார்த்து வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி வந்துவிடும். அதை அறுபதால் வகுத்து, பைக்கு ஆகும் நிமிடத்தால் பெருக்க வேண்டும். பொருள் செலவைக் கூட்டி, விலைச் சீட்டில் இரண்டு வரியாக எழுத வேண்டும். துணி, வளையம், பட்டன், நூல் என்று ஒரு வரி. தையல் கூலி என்று தனியாக இன்னொரு வரி. பேரம் பேச வருகிறவர் எந்த வரியைக் குறைக்கச் சொல்கிறார் என்று அவரே வாய்திறந்து சொல்லட்டும்.