வலிவை விற்றுத் தாரம் வாங்குவதோ?

ஒவ்வோர் இசைக்கருவிக்கும் ஓர் எல்லையுண்டு. அஃது எவ்வளவு கீழிறங்கும், எவ்வளவு மேலேறும் என்பதை அறிதலே கருவிப் பயிற்சியின் முதற்படி. அவ்வெல்லையை மூன்றாகப் பகுத்து, மெலிவு, சமன், வலிவு எனப் பெயரிட்டு வழங்கினர் பழந்தமிழர். கீழ்நிலை மெலிவு, இடைநிலை சமன், மேல்நிலை வலிவு. ஆனால் இன்று தமிழ்நாட்டு இசைப் பயிலகங்களுள் மிகப்பலவற்றில் தமிழ்ப்பிள்ளைகள் கற்பவை எவை? மந்தரத் தாயி, மத்தியத் தாயி, தாரத் தாயி! தமிழ் மூங்கிலில் துளையிட்டுத் தமிழ் மூச்சை ஊதும் பிள்ளைக்கு, அம்மூச்சின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லத் தமிழ்ச்சொல் இல்லையாம்!

எப்பெயரால் அழைத்தால் என்ன, ஒலி ஒன்றுதானே என்பர் சிலர். அன்று. இங்குப் பெயரே பாடம். புல்லாங்குழலை எடுத்துக்கொள்க. அதே துளைகள், அதே விரல்கள். மெல்ல ஊதினால் கீழ் மண்டிலம் ஒலிக்கும். வலிந்து ஊதினால் மேல் மண்டிலம் எழும். நாகசுரத்திலும் சீவாளியை இதழால் இறுக்கி மூச்சின் விசையைக் கூட்டினாலன்றி மேல்நிலை வாராது. யாழ் நரம்பைத் தளர்த்தினால் ஒலி தாழும். வலித்து இழுத்து முறுக்கினால் உயரும். மெலிவு, வலிவு என்னும் இரு சொற்களுக்குள்ளேயே குழலின் இயக்கமும் நரம்பின் இயக்கமும் அடங்கிக் கிடக்கின்றன. சொல்லைக் கேட்ட அளவிலேயே தமிழ் மாணவனின் கையும் மூச்சும் செய்யவேண்டியதை உணர்ந்துகொள்ளும். தாயிப் பெயர்களோ அவனுக்கு வெறும் மனப்பாடம்.

அதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன தமிழரின் ஏழிசை. இவற்றுள் தாரம் ஏழாம் இசையின் பெயர். மேல்நிலைக்குத் 'தாரம்' என்று பயின்ற மாணவன் நாளைச் சிலப்பதிகாரத்தைத் திறந்தால், தாரம் என்னும் சொல்லைக் கண்டு எதனைக் கருதுவான்? தன் பாட்டன் எழுதிவைத்த இசையிலக்கணமே அவனுக்கு அயல்நூல் ஆகிவிடும். ஒரு சொல்லை இழந்தவன் ஒரு நூலையே இழக்கின்றான்.

இவையெல்லாம் வெறும் பழம்பெருமை என்று தள்ளுவோர் கணக்கைப் பார்க்கட்டும். யாழில் ஒரு நரம்புக்கு ஓர் இசை. ஆகவே நரம்பின் தொகையே கருவியின் எல்லை. பேரியாழின் 21 நரம்பு மூன்று மண்டிலம். செங்கோட்டியாழின் 7 நரம்பு ஒரு மண்டிலம். சிலப்பதிகார அரங்கேற்று காதை கூறும் 14 நரம்புகளோ கீழ் உழையில் தொடங்கி மேல் கைக்கிளையில் முடிகின்றன. எண்ணிப் பார்த்தால் மெலிவில் 4, சமனில் 7, வலிவில் 3. அக்காதையில் யாழாசிரியனின் புலமையைச் சொல்லுமிடத்து இம்மூன்று சொற்களும் வெளிப்படையாகவே நிற்கின்றன. இத்துணை நுட்பமாகக் கருவியின் எல்லையை வரையறுத்த இனத்துக்கா சொற்பஞ்சம்?

இக்காலக் கருவிகளுக்கு இப்பெயர்கள் பொருந்தா என்பதும் பொய். வீணையின் 24 மெட்டுகளும் நான்கு நரம்புகளும் ஏறக்குறைய மூன்றரை மண்டிலம் தருகின்றன. சமனும் வலிவும் மெலிவும் அங்கும் உள. மெலிவுக்கும் கீழே செல்வதைக் கீழ்மெலிவு என்றால் எவர் நாவும் சுளுக்கிக்கொள்ளாது.

ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் கருணாமிர்த சாகரத்தையும், விபுலானந்த அடிகள் 1947-இல் யாழ் நூலையும் வெளியிட்டுப் புதையலைத் தோண்டித் தந்தனர். தோண்டித் தந்ததை எடுத்துப் புழங்காமல் மீண்டும் புதைப்பது யார் குற்றம்? இசையாசிரியர்களே, பாடநூல் எழுதுவோரே, நாளை முதற்பாடத்திலேயே மெலிவு, சமன், வலிவு எனச் சொல்லிக் கொடுங்கள். ஊதுவது தமிழன், கேட்பதும் தமிழன். இடையில் நிற்கும் சொல்லும் தமிழாகவே இருக்கட்டும்!