பெருந்தொற்றுக் காலத்தில் எதிரணுச் சிகிச்சை: இடம் மாறலாம், இடைவெளி கூடாது

தொற்று வேகமாகப் பரவும் காலத்தில் புற்றுநோயாளியை மருத்துவமனைக்கு வரவழைப்பதா, வீட்டிலேயே இருக்கச் சொல்வதா என்ற கேள்வி 2020-இன் தொடக்க மாதங்களில் எழுந்தபோது, முடிந்தவரை சிகிச்சையைத் தள்ளிப்போடலாம் என்ற விடையே பல இடங்களில் முதலில் வந்தது. அந்த விடைக்குப் பின்னால் இருந்த அச்சத்தைக் குறைகூற முடியாது. ஆனால், ‘புற்றுநோய்ச் சிகிச்சை’ என்ற ஒரே பெயருக்குள் செயல்படும் விதத்திலும் பக்கவிளைவிலும் பெரிதும் வேறுபட்ட மருந்துகள் அடங்கியிருக்கின்றன என்பதை அது கணக்கில் கொள்ளவில்லை. மார்பகப் புற்றுநோயின் ஒரு வகைக்கு அளிக்கப்படும் எதிரணுச் சிகிச்சையை எடுத்துக்கொண்டால், அந்தப் பொது விடை எவ்வளவு போதாதது என்பது விளங்கும்.

மார்பகப் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதத்தினரின் கட்டிகளில், உயிரணுவின் மேற்பரப்பில் இருந்தபடி பெருக்கத்துக்கான கட்டளையை உள்ளே கடத்தும் ஹெர்-2 என்ற புரதம் அளவுக்கு மீறிக் காணப்படுகிறது. இந்தப் புரதத்துக்கான மரபணு பல படிகளாகப் பெருகியிருப்பவர்களுக்கு நோய் விரைவில் திரும்புகிறது, ஆயுளும் குறைகிறது என்பதை டென்னிஸ் ஸ்லாமனும் சக ஆய்வாளர்களும் 1987-இல் வெளியிட்டனர். அந்தப் புரதத்தைக் குறிவைத்துப் பற்றிக்கொள்ளும்படி ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட எதிரணுவான டிராஸ்டுசுமாப் 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இடம்பெற்றது. அதே புரதத்தின் வேறொரு பகுதியைப் பற்றும் பெர்டுசுமாப் பின்னர் அதற்குத் துணையாக வந்தது. தொடக்க நிலை நோய்க்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை என ஓராண்டும், பிற உறுப்புகளுக்குப் பரவிய நோய்க்கு அது கட்டுக்குள் இருக்கும்வரையும் இந்தச் சிகிச்சை தொடர்கிறது.

கீமோதெரபி, வேகமாகப் பிரியும் உயிரணுக்கள் அனைத்தையும் தாக்குவதால் எலும்பு மஜ்ஜையும் பாதிக்கப்பட்டு வெள்ளையணுக்கள் சரிகின்றன. தொற்று எளிதில் பற்றுவதற்கு அதுவே காரணம். ஹெர்-2 எதிரணுக்கள் தனித்துத் தரப்படும்போது வெள்ளையணுக்களை அந்த அளவுக்குக் குறைப்பதில்லை. சிகிச்சையின் முதல் சில மாதங்களில் எதிரணுவும் கீமோதெரபியும் சேர்ந்தே தரப்படுவதால் அக்கட்டத்தில் ஆபத்து உண்டு. கீமோதெரபி முடிந்து எதிரணு மட்டும் தொடரும் நீண்ட காலத்தில், மருந்தைவிட அதைப் பெறுவதற்கான பயணமும் காத்திருப்பும்தான் தொற்றுக்கு வழிவகுக்கின்றன.

இந்த வேறுபாடு தொடக்கத்தில் மறைந்துபோனதற்கு அப்போது கிடைத்த சான்றின் மெலிவும் ஒரு காரணம். சீனாவிலிருந்து 2020 பிப்ரவரியில் ‘லான்செட் ஆன்காலஜி’ இதழில் வெளியான ஆய்வு, புற்றுநோயாளிகளுக்குக் கோவிட் கடுமையாகும் வாய்ப்பு மிக அதிகம் என்று எச்சரித்தது. ஆனால், ஆராயப்பட்ட 1,590 பேரில் புற்றுநோய் வரலாறு உள்ளவர்கள் 18 பேர் மட்டுமே. அவர்களிலும் முந்தைய ஒரு மாதத்துக்குள் கீமோதெரபியோ அறுவைச் சிகிச்சையோ பெற்றவர்கள் நால்வர்தான். அதே ஆண்டு மே மாத இறுதியில் பிரிட்டனில் 800 புற்றுநோயாளிகளைக் கொண்டு வெளியான ஆய்வில், வயது, ஆண்பால், இதயநோய் போன்ற உடன்நோய்கள் ஆகியவையே இறப்புடன் தொடர்புற்றிருந்தன; அண்மையில் கீமோதெரபியோ இலக்குநோக்கு மருந்தோ பெற்றிருப்பது குறிப்பிடத்தக்க வேறுபாட்டை உண்டாக்கவில்லை.

தள்ளிப்போடுவதற்கு ஒரு விலை உண்டு; எதிரணுச் சிகிச்சையில் அந்த விலை மருந்தின் அளவிலேயே தெரிந்துவிடுகிறது. சிரைவழி டிராஸ்டுசுமாபின் முதல் தவணை உடல் எடையில் கிலோவுக்கு 8 மில்லிகிராம். அடுத்தடுத்த தவணைகள் 6 மில்லிகிராம். குறித்த நாளிலிருந்து ஒரு வாரத்துக்கு மேல் தாமதமானால், இரத்தத்தில் மருந்தின் அளவை மீட்டெடுக்க மறுபடியும் 8 மில்லிகிராமிலிருந்து தொடங்க வேண்டும் என்பது விதி. அறுபது கிலோ எடையுள்ள பெண்ணுக்கு வழக்கமான தவணை 360 மில்லிகிராம் என்பதால் இந்தியாவில் பரவலாகக் கிடைக்கும் 440 மில்லிகிராம் குப்பி ஒன்றே போதும். மீள்தொடக்கத் தவணையோ 480 மில்லிகிராம் ஆகி, இரண்டாவது குப்பியைத் திறக்க வைக்கிறது. பேருந்து ஓடாததால் நேர்ந்த பத்து நாள் தாமதம், ஏற்கெனவே கடனில் இருக்கும் குடும்பத்தின் மீது இப்படிக் கூடுதல் சுமையாக விழுகிறது.

மருந்துக் காலத்தையே சுருக்கலாமா என்ற கேள்வியும் நியாயமாக எழுந்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற பிரிட்டனின் ‘பெர்செஃபோனி’ ஆய்வில், நோயின்றி நான்காண்டு கடந்தவர்கள் ஆறுமாதச் சிகிச்சையில் 89.4 சதவீதம், பன்னிரண்டு மாதச் சிகிச்சையில் 89.8 சதவீதம், இதயப் பாதிப்பால் மருந்தை நிறுத்த நேர்ந்தவர்கள் முதல் பிரிவில் பாதிக்கும் குறைவே. அதே கேள்வியை ஆராய்ந்த பிரான்ஸின் ‘ஃபேர்’ ஆய்வோ, ஆறு மாதம் ஓராண்டுக்குக் குறைந்ததல்ல என்பதை நிறுவ முடியாமல் முடிந்தது. ஆகவே, நோய் திரும்பும் வாய்ப்பு குறைந்தவர்களுக்கு, அவர்களுடன் கலந்துபேசி, நெருக்கடியில் காலத்தைச் சுருக்குவது ஏற்கத்தக்கது. நிணநீர்க் கணுக்களுக்கு நோய் பரவியவர்களுக்கும் முற்றிய நோயினருக்கும் அதையே பொதுவிதியாக்குவது அநீதி.

பாதுகாப்பு என்பது தொற்றிலிருந்து காப்பது மட்டுமன்று. டிராஸ்டுசுமாப் சிலருக்கு இதயத்தின் இரத்தம் உந்தும் திறனைக் குறைப்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ பரிசோதனை வழக்கம். இதயநோய் இல்லாத, முந்தைய அளவீடுகள் சீராக உள்ள பெண்ணுக்கு அந்த இடைவெளியைச் சற்று நீட்டலாம். உயர் இரத்த அழுத்தம் உள்ளவருக்கும் இதயத்தைப் பாதிக்கும் ஆந்த்ராசைக்ளின் வகை மருந்து பெற்றவருக்கும் நீட்டுவது தகாது. அரிதாக இம்மருந்தால் நேரும் நுரையீரல் அழற்சி இருமலும் மூச்சுத்திணறலுமாகக் கோவிட்டைப் போலவே தோன்றக்கூடும் என்பதால், பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தவுடன் நோயாளியைத் திருப்பி அனுப்பிவிடவும் கூடாது.

மருந்தை நிறுத்தாமல் அது தரப்படும் முறையையும் இடத்தையும் மாற்றுவதே சரியான வழி என்பதைப் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2020 மார்ச் 20 அன்று வெளியிட்ட விரைவு வழிகாட்டுதல் உணர்ந்திருந்தது. தோலடி ஊசிக்கு மாறுதல், வீட்டுக்கே மருந்தைக் கொண்டுசெல்லுதல் ஆகியவற்றை அது பரிந்துரைத்தது. தோலடி டிராஸ்டுசுமாப் எடையைப் பொருட்படுத்தாமல் 600 மில்லிகிராம் என்ற ஒரே அளவில், தொடையில் ஐந்து நிமிடத்துக்குள் செலுத்தப்படுகிறது. தோலடித் திசுவைத் தற்காலிகமாகத் தளர்த்தும் ஹையலூரானிடேஸ் என்ற நொதி சேர்க்கப்பட்டிருப்பதால் அவ்வளவு மருந்தும் உள்ளே பரவ முடிகிறது. இதற்கு மீள்தொடக்கத் தவணை தேவையில்லை. இரு எதிரணுக்களையும் ஒரே ஊசியில் அடக்கிய ஃபெஸ்கோ அமெரிக்காவில் 2020 ஜூன் 29 அன்று அனுமதி பெற்றது. மணிக்கணக்கில் சிரைவழி ஏற்றப்பட்டது, முதல் முறை எட்டு நிமிடத்திலும் அடுத்தடுத்த முறைகளில் ஐந்து நிமிடத்திலும் முடிந்தது. கீமோதெரபி முடிந்தவர்களுக்கு மருத்துவப் பணியாளர் வீட்டிலேயே செலுத்தவும் வழி பிறந்தது.

இந்தியாவின் அனுபவம் வேறு. தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பைச் சேர்ந்த 41 மையங்களில் 2020 மார்ச் முதல் மே வரையான காலத்தை முந்தைய ஆண்டின் அதே காலத்துடன் ஒப்பிட்டபோது, புதிய நோயாளிகளின் பதிவு 54 சதவீதமும், தொடர்சிகிச்சைக்கான வருகை 46 சதவீதமும், வெளிநோயாளிக் கீமோதெரபி 37 சதவீதமும் குறைந்திருந்தன. நோய் குறைந்ததால் வந்த சரிவன்று இது. மார்ச் 25 முதல் போக்குவரத்து நின்றதும், தமிழ்நாட்டில் மாவட்ட எல்லையைக் கடக்கவே இ-பாஸ் தேவைப்பட்டதும், பெருநகரத்துச் சிகிச்சையையே நம்பியிருந்தவர்களை வழியிலேயே நிறுத்திவிட்டன. கேரளம் அப்போது திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தின் நோயாளிகளுக்கு மாவட்ட மருத்துவமனைகளில் கீமோதெரபி கிடைக்க ஏற்பாடு செய்தது பின்பற்றத்தக்க செயல்.

மூல மருந்தை ஒத்த தரமும் விளைவும் கொண்ட, விலை குறைந்த பயோசிமிலர் டிராஸ்டுசுமாபுக்கு 2013-லேயே அனுமதி அளித்த நாடு இந்தியா. அவை பெரும்பாலும் சிரைவழியாக ஏற்றப்படுபவை என்பதால் ஐந்து நிமிட ஊசியின் பயன் ஏழை நோயாளியை எட்டவில்லை. எட்டும்வரை, சிரைவழி மருந்தையே அவர்கள் ஊருக்கு அருகில் கொண்டுசெல்வதுதான் வழி. மாவட்ட மருத்துவமனைகள் அனைத்திலும் மூன்றாண்டுகளில் புற்றுநோய்ப் பகல்நேரச் சிகிச்சை மையங்கள் என்ற 2025-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையின் அறிவிப்பு இதற்கான வாய்ப்பு. அம்மையங்களுக்கு நாற்காலிகளும் டிரிப்ஸ் கம்பங்களும் மட்டும் போதா. 2 முதல் 8 டிகிரி வெப்பத்தில் மருந்தைக் காக்கும் குளிர்பதன வசதியும், எக்கோ கருவியும் அதை இயக்கத் தெரிந்தவரும் வேண்டும். உரிய நீரில் கரைத்த பின் 28 நாள் குளிர்நிலையில் வைத்துப் பயன்படுத்தத்தக்க குப்பியின் எஞ்சிய மருந்து வீணாகாதபடி நோயாளிகளின் தேதிகளை வகுக்கும் மருந்தாளுநரும், கடைசித் தவணையின் தேதியையும் அளவையும் இதயத் திறனின் அளவீட்டையும் எழுதி நோயாளியின் கையிலேயே கொடுக்கும் பதிவேடும் முதல் நாளிலிருந்தே அங்கு இருந்தாக வேண்டும்.