மறதிநோயும் குடும்பங்களின் தனிச்சுமையும்

முதுமையடைந்த பெற்றோரை இறுதிவரை பேணுவதைத் தமிழ், முஸ்லிம் சமூகங்கள் இரண்டும் உயரிய கடமையாகப் போற்றி வந்துள்ளன. எனினும், பெற்ற பிள்ளையையே யாரென்று வினவும் தாயையும், நள்ளிரவில் கதவைத் திறந்து வெளியேற முற்படும் தந்தையையும் பராமரிப்பதற்குக் கடமையுணர்வு மாத்திரம் போதுமானதல்ல என்பதைப் பல குடும்பங்கள் இன்று அனுபவரீதியாக உணர்ந்து வருகின்றன.

2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் 7.9 வீதமாகவிருந்த 65 வயதும் அதற்கு மேற்பட்டோரின் பங்கு, 2024 இல் 12.6 வீதமாக உயர்ந்துள்ளது. வயது ஏற ஏற மறதிநோயின் அபாயமும் அதிகரிக்கும் என்பதால், வருங்காலத்தில் இச்சுமை மேலும் பெருகுமென்பதில் ஐயமில்லை. மறுபுறத்தில் குடும்பங்களோ சுருங்கி வருகின்றன. யுத்த காலத்தில் புலம்பெயர்ந்த பிள்ளைகளும், மத்திய கிழக்கில் தொழில் புரிவோரும் பணம் அனுப்புகின்றனர். ஆனால் குளிப்பாட்டவும் உணவூட்டவும் இரவில் விழித்திருக்கவும் வேண்டிய பொறுப்பு, வீட்டிலிருக்கும் ஒரு மகளின் அல்லது மருமகளின் தலையிலேயே பெரும்பாலும் விழுகின்றது.

'அறளை பெயர்ந்துவிட்டது' என்று கூறி இதனை முதுமையின் இயல்பாகக் கருதும் போக்கும் கவலைக்குரியதாகும். தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு ஆகியவற்றாலும் ஞாபகக்குறைவு ஏற்படலாம். இவை சிகிச்சையளிக்கக் கூடியவை. ஆதலால் ஆரம்பத்திலேயே வைத்தியரை நாடுவது அவசியமாகும். நினைவாற்றல் பரிசோதனை உரையாடலையே ஆதாரமாகக் கொண்டது என்பதால், அது நோயாளியின் தாய்மொழியில் இடம்பெறுவதும் உறுதிசெய்யப்பட வேண்டும்.

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே கைவிடுதலாகாது என வலியுறுத்துகின்றது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் கைவிட விரும்பாது, பராமரித்துப் பராமரித்தே களைத்துப்போன பிள்ளைக்கு அரசு வழங்கும் கைகொடுப்பு என்ன என்ற வினா எஞ்சியே நிற்கின்றது.

கர்ப்பிணித் தாய்மாரின் வீடுகளுக்குக் குடும்பநல உத்தியோகத்தரை அனுப்பி, தாய்சேய் நலத்தில் முன்னுதாரணமாகத் திகழ்ந்த நாடு இது. வாழ்வின் தொடக்கத்தில் வாசல்தேடி வந்த அதே சேவை, வாழ்வின் அந்திமத்திலும் வருவது சாத்தியமற்றதல்ல. பயிற்றப்பட்ட வீட்டுத் தாதியரும், பிரதேசந்தோறும் பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களும் முதற்கட்டமாக ஏற்படுத்தப்பட வேண்டும். பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் கடமையெனில், அக்கடமையை நிறைவேற்றுவோரைத் தாங்குவது அரசினதும் சமூகத்தினதும் கடமையாகும்.