மலை தந்த ஒளி

மலையகத்து ஆறுகள் மின்சாரம் தரும் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918-ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். 1950-இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அடுத்த இருபதாண்டுக்குள் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே நீரில் மூழ்கியது. நீர் வற்றுங்கால் அங்கே கோயில் இடிபாடுகள் இன்றும் தலைகாட்டுகின்றன.

மலை தந்த ஒளி கொழும்பு வீதிகளை அழகுசெய்தது. லயத்துக் குழந்தைகளோ நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கடியிலேயே பாடம் படித்தனர். பல தோட்டங்களில் ஓடை நீர் தேயிலைத் தொழிற்சாலைப் பொறியைச் சுழற்றியது. அதன் பயன் அயலிலிருந்த லயத்தை எட்டவில்லை.

வேறு வழியும் இந்நாட்டிலேயே உண்டு. 1990-களில் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் கிராமத்தார் மின் நுகர்வோர் சங்கங்கள் அமைத்தனர். தாமே ஓடையை மறித்து வாய்க்கால் வெட்டிச் சிறு நீர்மின் நிலையங்கள் நிறுவினர். கட்டணம் விதித்தவர்களும் அவர்களே, பராமரித்தவர்களும் அவர்களே.

2030-இல் மின்சாரத்தின் 70 விழுக்காட்டை நீர், காற்று, சூரியன் முதலியவற்றால் பெறுவது இலங்கையின் இலக்கு. நல்லதே. ஆனால், லயக் கூரை தொழிலாளிக்குச் சொந்தமன்று. அதன்மேல் சூரியத் தகடு பதிக்க அவர் எவ்வாறு தீர்மானிப்பார்? காணியுரிமை கைக்கு வந்தாலன்றி, மலையக மக்கள் இம்மாற்றத்திலும் பங்காளிகளாகார். முன்போலப் பார்வையாளராகவே நிற்பர். இதை நம் இளைஞர் சிந்திப்பார்களாக.