லெப்டொப் கொடுத்தால் மட்டும் போதுமா?

பெற்றோர், பழைய மாணவர்கள், உதவி செய்யும் தனவந்தர்கள் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

2021 இல், கொரோனா நேரம், லுணுகலைப் பக்கத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடி மலையேறி மரக்குடிலில் இருந்து படித்ததை வெளிநாட்டுச் செய்திகளிலும் பார்த்தோம். இன்று பசறை, ஹாலிஎல தோட்டங்கள் பலவற்றில் சிக்னல் இருக்கிறது. ஆனால் நாம் கொடுக்கும் பழைய லெப்டொப்புக்குள் அது நுழைய மறுக்கிறது.

2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய மெஷின்களுக்கு இலவசமான லினக்ஸ் நல்ல வழி. லினக்ஸ் மின்ட், உபுண்டு இரண்டிலும் தமிழும் இருக்கிறது. சிக்கல் வைபையில்தான். பழைய லெப்டொப் பலவற்றில் உள்ள புரோட்கொம் வைபை சிப்புக்கு கம்பனியின் தனி டிரைவர் தேவை. அதை இறக்க இன்டர்நெட் வேண்டும். இன்டர்நெட்டுக்கு வைபை வேண்டும்! இந்த இடத்தில்தான் பலர் "லினக்ஸ் சரிவராது" என்று சொல்லி, கடையில் காசு கொடுத்துத் திருட்டு விண்டோஸ் போடுகிறார்கள். பிள்ளைக்குக் கொடுக்கும் பொருளில் அது நமக்குத் தகுமா?

வழி இலகு. போனை யூஎஸ்பி வயரால் லெப்டொப்பில் கொளுவி, போன் செட்டிங்கில் 'யூஎஸ்பி டெதரிங்' போடுங்கள். பெரும்பாலும் உடனே இன்டர்நெட் வரும். பிறகு மின்டில் 'டிரைவர் மேனேஜர்', உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்' திறந்து, காட்டும் வைபை டிரைவரைப் போட்டு ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் முடிந்தது. வைபை வந்து வந்து அறுந்தால், மின்சாரம் மிச்சம் பிடிக்கும் பவர்சேவ் அமைப்பும் காரணமாகலாம். நெட்வொர்க் மேனேஜர் ஃபைலில் பவர்சேவ் 3 என்று இருப்பதை 2 ஆக்கினால் அது நின்றுவிடும். அப்படியும் சரிவராத மெஷினுக்கு, லினக்ஸில் வேலை செய்யும் சின்ன யூஎஸ்பி வைபை அடெப்டர் ஒன்று போதும்.

இந்த வேலையைத் தோட்டத்துப் பிள்ளையின் தலையில் கட்டுவது நியாயமில்லை. கொழுந்து பறிக்கும் தாய் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு பதுளை டவுனுக்கு லெப்டொப்பைத் தூக்கி வரவேண்டுமா? கொடுப்பவர்தான் முதலில் பார்க்க வேண்டும். வாங்குமுன் பென்டிரைவில் லினக்ஸைப் போட்டு, அதிலிருந்தே லெப்டொப்பை ஓன் பண்ணி வைபை பிடிக்கிறதா என்று பாருங்கள். பத்து நிமிட வேலை.

ஸதகா கொடுப்பதோடு நம் பொறுப்பு முடிவதில்லை, அது பயன்படும் நிலையில் போய்ச் சேர வேண்டும். பள்ளிவாசல் வாலிபர்களும் பாடசாலை ஐசீடி மாணவர்களும் சேர்ந்தால், தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று பாராமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதைச் செய்து கொடுக்கலாம். முன்வருபவர்கள் கீழே கமென்டில் சொல்லுங்கள்.