வெள்ளை யூனிபார்முக்குள் 4 வருஷ போராட்டம்! நர்சிங் மாணவிகள் படும் பாடு

சென்னை:

பிளஸ் 2 ரிசல்ட் வந்த மறுநாளே தெருவுக்கு தெரு கேட்கும் பேச்சு இது. ‘பாப்பா பயாலஜியில நல்ல மார்க். டாக்டருக்குன்னா நீட் எழுதணும், கோச்சிங்குக்கு காசு கட்டணும். நர்சிங்குக்கு பிளஸ் 2 மார்க்கே போதுமாம். முடிச்சா வேலை கேரண்டியாம்’.

தமிழ்நாட்டு கவுன்சலிங்கில் பி.எஸ்சி. நர்சிங் சீட்டுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மார்க்தான் பார்க்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் சேர்ந்த பிறகு என்ன நடக்கிறது என்பதை யாரும் வீட்டில் வந்து சொல்வது இல்லை. லோடுமேன் வேலை, கட்டிட வேலை, டெய்லரிங் என்று பாடுபடும் குடும்பங்கள் நகையை அடகு வைத்து பிள்ளையை சேர்த்து விடுகின்றன. முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் வீட்டில் இடி விழுகிறது. ‘நல்லா படிக்கிற பொண்ணாச்சே, எப்படி பெயில் ஆச்சு?’

காரணம் ரொம்ப சிம்பிள். பள்ளிக்கூடத்தில் படித்தது வேறு, இது வேறு.

முதல் அடி இங்கிலீஷ்

நர்சிங் படிப்பு முழுக்க இங்கிலீஷ் மீடியம்தான். அரசு பள்ளியில் தமிழில் படித்து நல்ல மார்க் வாங்கிய மாணவிக்கு ‘தொடை எலும்பு’ நன்றாக தெரியும். கல்லூரியில் அது ‘பீமர்’. ‘முன்கை எலும்பு’ ஒன்று ‘அல்னா’, இன்னொன்று ‘ரேடியஸ்’. உடம்பில் 206 எலும்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், மேடு பள்ளத்துக்கு தனிப் பெயர். போதாக்குறைக்கு தசை, நரம்பு, ரத்தக்குழாய்.

முதல் செமஸ்டரிலேயே அனாட்டமி, பிசியாலஜி இரண்டும் வந்து விடும். கூடவே சமூகவியல், உளவியல், நர்சிங் பவுண்டேஷன். அடுத்த செமஸ்டரில் பயோகெமிஸ்ட்ரி, சத்துணவு பாடம். அதற்கு அடுத்து மைக்ரோபயாலஜி, பார்மகாலஜி. மருந்து பெயர்களை மனப்பாடம் செய்யவே தனியாக ஒரு ஆயுள் வேண்டும்.

கிளாசில் மேடம் பாடம் நடத்தும்போது தலையை ஆட்டி விட்டு, ராத்திரி ஹாஸ்டலில் டிக்ஷனரியை புரட்டும் மாணவிகள் ஏராளம். இதை வெளியே சொல்ல வெட்கம். டவுட் கேட்டால் ‘இதுகூட தெரியாதா?’ என்று கேட்டு விடுவார்களோ என்ற பயம். முதல் வருஷம் பெயில் ஆகும் பல பேருக்கு மூளையில் குறை கிடையாது. கேள்வி புரியவில்லை, அவ்வளவுதான்.

பாஸ் மார்க்கும் லேசுபட்டது அல்ல. மெயின் பாடங்களில் தியரியில் 50 சதவீதம், பிராக்டிக்கலில் 50 சதவீதம், தனித்தனியாக எடுக்க வேண்டும். ஒன்றில் கூடுதலாக வாங்கி மற்றதை சமாளிக்க முடியாது. முந்தைய அரியர் எல்லாம் முடித்தால்தான் 5-வது செமஸ்டர் பரீட்சை எழுத முடியும். மொத்தம் 8 வருஷத்துக்குள் படிப்பை முடிக்க வேண்டும்.

வார்டில் முதல் நாள்

நர்சிங் மாணவி சீக்கிரமே வார்டுக்கு போய் விடுகிறாள். முதல் வருஷமே போஸ்டிங். 17, 18 வயது. அதுவரை வீட்டில் அம்மாவுக்கு காய்ச்சல் என்றால் மாத்திரை எடுத்துக் கொடுத்தது மட்டும்தான் அனுபவம்.

அங்கே போனால் சர்க்கரை நோயில் அழுகிய கால், தீக்காயம், ரத்த வாந்தி. டிரெசிங் பிரித்ததும் வரும் வாடையில் கண் இருட்டி மயங்கி விழுவது சகஜம். சீனியர் அக்கா வெளியே கூட்டிப்போய் தண்ணீர் தெளித்து, திரும்ப உள்ளே கூட்டி வருவாள். அன்று மதியம் சாப்பாடு இறங்காது. ஒரு மாதம் போனால் அதே மாணவி டிரெசிங் முடித்து, கையை கழுவி விட்டு தயிர்சாதம் சாப்பிடுவாள். பழகி விடும் என்கிறார்கள். பழகித்தான் ஆக வேண்டும்.

காலை டியூட்டி என்றால் விடிவதற்கு முன்பே எழுந்தால்தான் பஸ்சை பிடிக்க முடியும். தலைமுடியை ஒரு முடி கூட தொங்காமல் கொண்டை போட வேண்டும். நகம் வளரக் கூடாது. வளையல், மோதிரம் கிடையாது. வார்டில் பெட் மேக்கிங், டெம்பரேச்சர், பல்ஸ், பி.பி., படுக்கையில் கிடப்பவருக்கு உடம்பு துடைத்து விடுவது, பெட்பேன் வைப்பது. நின்றபடியே வேலை. மதியம் கல்லூரிக்கு திரும்பினால் தியரி கிளாஸ். கண் சொக்கும்.

ராத்திரி ஹாஸ்டலில்தான் அடுத்த டியூட்டி. அன்று பார்த்த நோயாளிக்கு ‘கேர் பிளான்’ எழுத வேண்டும். அவருக்கு என்ன பிரச்சினை, எதனால், நர்சு என்ன செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும், செய்ததில் பலன் என்ன என்று கட்டம் போட்டு பக்கம் பக்கமாக எழுத வேண்டும். இதோடு கேஸ் ஸ்டடி, டிரக் புக், ரெக்கார்டு நோட்டு, சார்ட், மாடல். பிரசவ வார்டு போஸ்டிங் வந்தால் எத்தனை பிரசவம் பார்த்தோம், எத்தனை கைப்பட செய்தோம் என்று கணக்கு. பிரசவம் நேரம் பார்த்தா வரும்? லேபர் வார்டில் ராத்திரி முழுக்க கண் விழித்து காத்திருந்து, விடியற்காலையில் குழந்தை பிறந்த பிறகு ‘கேஸ் கிடைச்சிடுச்சு’ என்று நிம்மதியாக ஹாஸ்டல் திரும்பும் மாணவிகள் உண்டு.

காய்ச்சல் வந்தாலும் கணக்கு

பல படிப்புகளில் இல்லாத ஒரு விதி இங்கே இருக்கிறது. பரீட்சை எழுத 80 சதவீத வருகை வேண்டும். அது சரி. ஆனால் டிகிரி வாங்குவதற்குள் ஆஸ்பத்திரி போஸ்டிங்கில் 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். காய்ச்சலில் படுத்தாலும், ஊரில் தாத்தா இறந்தாலும், போகாத டியூட்டியை பிறகு போய் செய்து முடித்தே தீர வேண்டும். எல்லா பேப்பரும் பாசாகி, விட்டுப்போன டியூட்டிக்காக லீவு நாளில் வார்டுக்கு அலையும் பெண்களும் இருக்கிறார்கள்.

இவ்வளவு கடுமை தேவையா என்று கேட்டால், தேவைதான். 500 மில்லி டிரிப்சை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் எழுதுகிறார். மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால் நிமிஷத்துக்கு 42 சொட்டு. இந்த கணக்கை நோயாளியின் கட்டில் பக்கத்தில் நின்று போட வேண்டும். மருந்து அளவில் ஒரு புள்ளி தள்ளிப்போனால் 10 மடங்கு ஏறி விடும். அரைகுறையாக படித்தவரை நம் வீட்டு நோயாளி பக்கத்தில் விட யாருக்கு மனசு வரும்?

படிப்பு கஷ்டம் என்பதில் பல மாணவிகளுக்கு பெரிய வருத்தம் இல்லை. வருத்தம் எல்லாம் வேறு இடத்தில்.

கற்றுக்கொள்ள வந்தவளா, கூலி இல்லாத ஆளா?

நர்சிங் கவுன்சில் விதிப்படி பி.எஸ்சி. நர்சிங் கல்லூரிக்கு 100 படுக்கை கொண்ட சொந்த ஆஸ்பத்திரி வேண்டும். ஒரு மாணவிக்கு 3 நோயாளி என்ற கணக்கில் படுக்கை காட்ட வேண்டும். காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும். நேரில் போனால் சில கல்லூரி ஆஸ்பத்திரிகளில் கட்டில் இருக்கும், நோயாளி இருக்க மாட்டார்.

அந்த கல்லூரி மாணவிகளை அரசு ஆஸ்பத்திரிக்கு பஸ்சில் அனுப்புகிறார்கள். அங்கே ஏற்கனவே வேறு கல்லூரி மாணவிகள் நிற்பார்கள். ஒரு நோயாளிக்கு ஐந்து பேர் மாறி மாறி பி.பி. பார்த்தால் அவர்தான் என்ன செய்வார்? ‘எத்தனை தடவைம்மா கையை நீட்டுறது?’ என்று கோபப்படுவார். ஒரு பக்கம் கற்றுக்கொள்ள நோயாளி இல்லை.

மறுபக்கம் இதற்கு நேர் எதிர். நோயாளி நிரம்பி வழியும் சில தனியார் ஆஸ்பத்திரிகளில், சம்பளத்துக்கு ஸ்டாப் நர்சை வைப்பதற்கு பதில் கல்லூரி மாணவிகளை வைத்தே வார்டை ஓட்டி விடுகிறார்கள். மூன்றாம் வருஷ மாணவி தனியாக நைட் டியூட்டி பார்ப்பாள். கூட நின்று சொல்லிக் கொடுக்க வேண்டிய டியூட்டர் மேடம் கல்லூரியில் இருப்பார். தப்பு நடந்தால் மட்டும் ‘யாரு அந்த ஸ்டூடண்ட்?’ என்று தேடுவார்கள்.

2021-ல் வெளியான புதிய பாடத்திட்டப்படி கடைசி செமஸ்டர் முழுக்க இன்டர்ன்ஷிப். 22 வாரம், வாரத்துக்கு 48 மணி நேரம், நைட் டியூட்டியும் உண்டு. ஒரு தொழிற்சாலை தொழிலாளியின் வேலை நேரம் இது. எம்.பி.பி.எஸ். முடித்த ஹவுஸ் சர்ஜனுக்கு மாதம் பிறந்தால் உதவித்தொகை வருகிறது. தனியார் கல்லூரியில் படிக்கும் நர்சிங் மாணவிகள் பலர் அந்த 22 வாரத்துக்கும் சேர்த்து பீஸ் கட்டித்தான் வேலை செய்கிறார்கள்.

அரசு பள்ளியில் 6-ம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை படித்த மாணவிகளுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைப்பது கொஞ்சம் ஆறுதல். ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ், பஸ் செலவுக்கே அது சரியாகி விடும்.

படித்து முடித்த பிறகு...

ரிசல்ட் வந்ததும் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். அதன் பிறகுதான் சட்டப்படி நர்சு. இதற்கு ஒரிஜினல் சர்டிபிகேட் வேண்டும். இங்கேதான் சில இடங்களில் ‘ஒரு வருஷம் எங்க ஆஸ்பத்திரியில வேலை பாரு, அப்புறம் தர்றோம்’ என்ற பேரம் நடக்கிறது. மாணவர்களின் ஒரிஜினல் சர்டிபிகேட்டை கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக்குழு 2018-லேயே உத்தரவு போட்டு விட்டது. கேட்டு வாங்கும் தைரியம்தான் வேண்டும்.

சம்பளம்? சுப்ரீம் கோர்ட்டு 2016 ஜனவரியில் சொன்னபடி அமைத்த நிபுணர் குழு, தனியார் ஆஸ்பத்திரி நர்சுகளுக்கு குறைந்தது 20 ஆயிரம் ரூபாய் கொடுக்க பரிந்துரை செய்தது. இது 50 படுக்கைக்கும் குறைவான சின்ன ஆஸ்பத்திரிக்கு. 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்சு வாங்கும் சம்பளம். கேரளாவில் நர்சுகள் ரோட்டில் இறங்கி போராடி, 2018-ல் 20 ஆயிரத்தை அரசு உத்தரவாகவே வாங்கி விட்டார்கள். இங்கே அந்த தொகைக்கு கீழே கையெழுத்து போடும் நர்சுகள் ஏராளம்.

அரசு வேலையும் ராஜபாட்டை இல்லை. மருத்துவ பணியாளர் தேர்வு வாரியம் நடத்திய பரீட்சையில் பாசாகி 2015-ல் சேர்ந்த நர்சுகளுக்கு தொகுப்பூதியம் 7 ஆயிரத்து 700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ராத்திரி பகலாக உட்கார்ந்ததை சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். கொரோனா நேரத்தில் உயிரை பணயம் வைத்து வேலை பார்த்த 2 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்த நர்சுகளுக்கு 2022 டிசம்பர் 31-ந் தேதியோடு வேலை போனது.

வெளிநாட்டு கனவு இன்னொரு பக்கம். வளைகுடாவுக்கு அந்தந்த நாட்டு பரீட்சை, ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழி. முதல் வருஷம் இங்கிலீஷோடு மல்லுக்கட்டிய பெண்கள் கடைசி வருஷத்தில் ஜெர்மன் கிளாசுக்கு போவதும் நடக்கிறது. வார்டை பார்த்து மயங்கி விழுந்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?

சேர்ப்பதற்கு முன்...

அப்பா, அம்மாக்கள் பொதுவாக பார்ப்பது கல்லூரி கட்டிடத்தையும் பஸ்சையும்தான். பார்க்க வேண்டியது ஆஸ்பத்திரியை. ஒரு நாள் காலை 10 மணிக்கு அந்த கல்லூரியின் சொந்த ஆஸ்பத்திரிக்கு போய் ஓ.பி.யில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். கூட்டம் இருக்கிறதா, வார்டில் ஆள் படுத்திருக்கிறார்களா என்று தெரிந்து விடும். மூன்றாம் வருஷ மாணவி யாராவது கண்ணில் பட்டால் ரெண்டு கேள்வி கேளுங்கள். நைட் டியூட்டியில் மேடம் கூட வருவாங்களா? சர்டிபிகேட்டை வாங்கி வைத்திருக்காங்களா?

பெயரில் ‘நர்சிங்’ இருந்தாலே நர்சு ஆகி விட முடியாது. பி.எஸ்சி. நர்சிங் 4 வருஷம், டிப்ளமோ நர்சிங் 3 வருஷம். ‘6 மாசத்துல நர்சு’, ‘ஒரு வருஷத்துல வேலை’ என்று போஸ்டர் ஒட்டும் இடங்களில் படித்தால் நர்சாக பதிவு செய்ய முடியாது. பி.எஸ்சி. என்றால் எம்.ஜி.ஆர். மருத்துவ பல்கலைக்கழக இணைப்பு இருக்கிறதா, மாநில நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் உண்டா என்று அட்வான்ஸ் கட்டும் முன்பே கேட்டு, பேப்பரை காட்டச் சொல்ல வேண்டும்.

சேர்ந்த பெண் முதல் செமஸ்டரில் ஒரு பேப்பர் விட்டு விட்டால் ‘போதும், வீட்டுக்கு வா, மாப்பிள்ளை பார்க்கிறோம்’ என்று கூட்டி வந்து விடாதீர்கள். அனாட்டமியில் அரியர் வைத்து, பிறகு எழுதி பாசாகி, இன்று ஐ.சி.யு.வில் நிற்கும் நர்சுகள் எத்தனையோ பேர். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு போகும்போது விசாரித்துப் பாருங்கள், சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார்கள்.